வாங்கியவர் வீடும் செய்தவர் நிலமும்

சிசிலித் தீவில், பியாட்சா ஆர்மெரினா என்ற ஊருக்கு அருகே, கி.பி. 4ஆம் நூற்றாண்டு ரோமானியச் செல்வர் ஒருவரின் மாளிகை இருக்கிறது. சுவர்கள் பெரும்பாலும் போய்விட்டன, தரை தப்பிவிட்டது. சிறு வண்ணக் கற்களைப் பதித்துச் செய்த அந்த ஓவியத் தரை சுமார் 3,500 சதுர மீட்டர் பரப்புள்ளது. நீண்ட நடைக்கூடம் ஒன்றின் கோடியில், யானையும் புலியும் இரு பக்கமும் நிற்க, தந்தம் ஏந்திய பெண் ஒருத்தி அமர்ந்திருக்கிறாள். அவள் இந்தியாவின் உருவகம் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். 1997 முதல் இந்த மாளிகை உலகப் பாரம்பரியச் சின்னம். தரைக்கு மேலே கூரை போட்டிருக்கிறார்கள். வருகிறவர்களின் கால் படாதபடி நடைபாதையை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள்.

ரோமானியர் இந்தியாவோடு நடத்திய வணிகத்தின் மறுமுனை நம் ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது. சத்தியமங்கலத்திலிருந்து கோபி, பெருந்துறை, சென்னிமலை வழியாகப் போனால் நொய்யலின் வடகரையில் கொடுமணல். அங்கே தூண் இல்லை, சுவர் இல்லை, ஓவியத் தரையும் இல்லை. உழுது போட்ட மேட்டாங்காடு, வேலா மரம், நடுநடுவே பெருங்கற்களை வட்டமாக நட்ட பழைய ஈமக்காடு. காரில் வருகிறவர்கள் பத்து நிமிடத்தில் திரும்பிவிடுகிறார்கள்.

ஆனால் மண்ணுக்குள் இருந்தது வேறு. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும், பின்னர் புதுவைப் பல்கலைக்கழகமும், தமிழ்நாடு தொல்லியல் துறையும் இங்கே அகழாய்வு செய்தன. இரும்பு உருக்கிய உலைகள், கசடு, தமிழி எழுத்தில் பெயர் கீறிய நூற்றுக்கணக்கான பானை ஓடுகள் வெளிவந்தன. எல்லாவற்றையும்விட மணிகள். உடைத்த கல், செதுக்கிய கல், தேய்த்து மெருகேற்றிய கல், பாதி துளையிட்ட கல் என்று வேலையின் ஒவ்வொரு கட்டமும் அப்படியே கிடைத்தது. பக்கத்துப் படியூரில் பெரில் எனும் பச்சைக்கல், சிவன்மலையில் நீலக்கல். சூதுபவளம் குஜராத் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும். பதிற்றுப்பத்தில் கபிலர் பாடும் கொடுமணம் இந்த ஊர்தான் என்பது அறிஞர்கள் முடிவு.

துளையிடும்போது உடைந்துபோன ஒரு மணியை நினைத்துப் பாருங்கள். நீள மணிக்கு ஒரு பக்கம் பாதி துளைத்து, திருப்பி மறுபக்கம் துளைக்க வேண்டும். இரண்டும் நடுவில் சந்திக்க வேண்டும். கொஞ்சம் கோணினால் நாள் கணக்கான உழைப்பு வீண். அப்படி உடைந்தது இங்கேயே தங்கியது. உடையாதது பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக் கடற்கரைக்குப் போய்க் கப்பல் ஏறியது. அதற்கு ஈடாக வந்த பணத்துக்கும் தடயம் உண்டு: 1842இல் கோவை வெள்ளலூரில் கிடைத்த ஒரே புதையலில் 500-க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் இருந்தன. ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டெர்ஸ் காசு இந்தியாவுக்குப் போய்விடுகிறது என்று கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி வருந்தி எழுதினார்.

வாங்கியவர் கணக்கு புத்தகத்தில் ஏறியது; அவர் வீட்டுத் தரைக்குக் கூரையும் கிடைத்தது. செய்தவருக்கு மிஞ்சியது பானை ஓட்டில் கீறிய பெயர். சம்பன் சுமணன், கண்ணன் ஆதன் என்று அந்த ஓடுகளில் படிக்க முடிகிறது. ஓர் உழைப்பாளர் ஊரில் இத்தனை பேர் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது, எந்த மாளிகைத் தரைக்கும் குறையாத செல்வம்.

இது பழங்கதையாக முடிந்திருந்தால் மனம் ஆறியிருக்கும். கொடுமணலுக்குப் பக்கத்திலேயே, 1992இல் பாசனத்துக்காக ஒரத்துப்பாளையம் அணை கட்டப்பட்டது. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் வந்து அந்த அணையில் தேங்கியது. பாய வேண்டிய தண்ணீரே நிலத்தைக் கெடுத்தது, கிணறுகள் உப்பாயின. வழக்குகள் நடந்து, 2011 ஜனவரியில் கழிவை வெளியேற்றும் சாய ஆலைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. திருப்பூர்ப் பனியன் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் யார் யார் உடலிலோ இருக்கிறது. அதன் சாயம் நம் ஆற்றில் இறங்கியது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் இதே கரையில் மிஞ்சிய கழிவு கல்லும் கசடும். அது மண்ணைக் கொல்லவில்லை. அதனால்தான் அந்த மக்களின் வாழ்வை இன்று படிக்க முடிகிறது.

கொடுமணலின் பெருமையைப் பேசும்போது, ரோமாபுரியோடு வணிகம் செய்தோம் என்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். வாங்கியவர் பெரியவர் என்பதால் நமக்கு வரும் பெருமை அரைப் பெருமைதான். கல்லைத் துளைத்த கைக்கும், உலையில் வெந்த உடலுக்கும், இன்று சாயத் தொட்டியில் நிற்கும் காலுக்கும் உரிய மதிப்பைக் கொடுத்தால்தான் அது முழுமையாகும். ஈமக்காட்டின் கற்கள் பெயராமல் காக்கப்பட வேண்டும். தோண்டிய குழிகளில் என்ன கிடைத்தது என்று அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அங்கேயே காட்ட ஓர் இடம் வேண்டும். நொய்யலில் நல்ல தண்ணீர் ஓட வேண்டும். மூன்றும் ஒரே கோரிக்கைதான். செய்கிறவர் வாழும் மண்ணைக் கெடுத்துக்கொண்டு, அவருடைய முன்னோர் செய்த மணியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் போற்றுவது மரியாதை ஆகாது.