மானம்: தளையா, தகவா?

பௌத்த அன்பர்கள் பலருடைய உள்ளத்தில் அவ்வப்போது எழும் ஐயம் ஒன்றுண்டு. நம்மவர் இவ்வறத்தை நாடி வந்ததற்கு மானமே காரணம். பிறப்பினால் இழிந்தோர் என்று உரைக்கப்பட்ட மக்கள் அவ்வுரையை ஏற்க மறுத்துத் ததாகதரின் அறத்திலே அடைக்கலம் புகுந்தனர். 1898இல் பண்டிதர் அயோத்திதாசர் சென்னையிலே சாக்கிய பௌத்த சங்கத்தைத் தோற்றுவித்ததும், 1956 அக்டோபர் 14ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் நாகபுரியிலே பல்லாயிரவர் சூழத் தீட்சை பெற்றதும் மானமுள்ள மக்களின் செயல்களேயாம்.

ஆனால், அடைக்கலம் புகுந்தபின் திரிபிடகத்தைத் திறந்து நோக்கினால், 'மானம்' என்னும் அதே சொல் களையவேண்டிய குற்றங்களின் வரிசையில் நிற்கக் காண்கிறோம். உயிரைப் பிறவியோடு பிணிக்கும் தளைகள் பத்து. அவற்றுள் எட்டாவது மானம். அருகத நிலை எய்தும்போதுதான் அது முற்றிலும் அறும் என்பது தேரவாத மரபு. அங்ஙனமாயின், எந்த மானத்தைக் காக்க நாம் வந்தோமோ அந்த மானத்தையே விட்டுவிடுமாறு அறம் நமக்குக் கட்டளையிடுகிறதா? பிறர் இகழ்ந்தால் இகழட்டும் என்று வாளா இருப்பதுதான் பௌத்தமா?

இவ்வினாவை ஏடுகளை மட்டும் கொண்டு ஆராய்வதினும், ஒரு மனிதரின் வாழ்க்கையிலே வைத்து ஆராய்வது தெளிவு தரும். அவர் பௌத்தர் அல்லர்; அமெரிக்க நாட்டவர்; திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் நடித்துப் புகழ் பெற்றவர். சிட்னி பாய்ட்டியர் என்பது அவர் பெயர். நடிகரை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. வேடம் புனைவதே நடிகரின் தொழில். இகழப்பட்ட இனத்தில் தோன்றிய நடிகருக்கோ, இகழ்ந்தவர்கள் வரைந்த உருவத்தையே தம் உருவமாக நடித்துக் காட்டவேண்டிய நெருக்கடி நாள்தோறும் வரும். மானம் எது, ஆணவம் எது என்னும் சோதனைக்கு இதனினும் கடிய களம் வேறில்லை.

பாய்ட்டியர் 1927 பிப்ரவரி 20ஆம் நாள் மயாமி நகரில் பிறந்தார். பெற்றோர் பஹாமாஸ் தீவுக் கூட்டத்தில் கேட் தீவைச் சேர்ந்த தக்காளிப் பயிர்த்தொழிலாளர். விளைபொருளை விற்க மயாமிக்கு வந்திருந்த வேளையில் குறைமாதக் குழந்தையாக அவர் பிறந்தார்; பிழைப்பாரோ என்று பெற்றோர் அஞ்சினர். பிழைத்த குழந்தை கேட் தீவிலே வளர்ந்தது. அங்கு மின்விளக்கு இல்லை, வறுமை மிகுதி. ஆயினும், அத்தீவில் வாழ்ந்தோர் பெரும்பாலும் கறுப்பினத்தவரே ஆதலால், 'நீ தாழ்ந்தவன்' என்று சொல்வார் அங்கு இலர். பதினைந்தாம் வயதில் மயாமிக்கு அனுப்பப்பட்டபோதுதான் அச்சொல்லை அவர் முதன்முதல் எதிர்கொண்டார். ஒரு வீட்டுக்குப் பொருள் கொண்டு சென்றவர், முன்வாயிலில் நின்றார். பின்வாயிலுக்குப் போகுமாறு அதட்டப்பட்டார். ஏன் என்பது அவருக்கு விளங்கவேயில்லை.

அந்த விளங்காமையை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். தாழ்வு மனத்தில் தானே முளைப்பதன்று, கற்பிக்கப்படுவது. கற்பிப்பார் இல்லாத தீவிலே அது இல்லை. ஊரும் சேரியும் பிரிந்த நாட்டிலே பிறந்த நமக்கு இவ்வுண்மையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பின்னர் நியூயார்க் சென்று உணவு விடுதிகளிலே பாத்திரம் கழுவினார். ஹார்லெம் பகுதியில் கறுப்பினத்தார் நடத்திவந்த நாடக மன்றத்துக்கு நடிப்புத் தேர்வுக்குச் சென்றார். எழுத்துக் கூட்டிப் படிக்கவும் இயலாமல், தீவு மக்களின் உச்சரிப்போடு அவர் பேசக் கேட்ட மன்றத்தார், போய்ப் பாத்திரம் கழுவு என்று விரட்டினர். தம் தொழிலை அவர்களிடம் அவர் சொல்லவே இல்லை. தோற்றத்தைக் கொண்டே தம்மை அளந்துவிட்டார்கள் என்பது அவரைச் சுட்டது. நடிகராகியே தீர்வது என்று உறுதி பூண்டார். வானொலியைக் கேட்டு உச்சரிப்பைத் திருத்தினார். உடன் பணியாற்றிய முதிய யூதப் பரிமாறுநர் ஒருவர் இரவுதோறும் வேலை முடிந்தபின் செய்தித்தாளை வைத்துக்கொண்டு அவருக்குப் படிக்கக் கற்பித்தார். மன்றத்தைப் பெருக்கித் துடைக்கும் பணியை ஏற்று, அதற்கு ஈடாக நடிப்புப் பயிற்சி பெற்றார். 1950இல் 'நோ வே அவுட்' என்னும் படத்தில் மருத்துவராகத் தோன்றினார்.

இனி, நம் வினாவுக்கு நேரே வருவோம். 1950களின் நடுவிலே அவருக்கு ஒரு வேடம் வந்தது. கொலை ஒன்றைக் கண்ட பணியாளர் வேடம். அவர் வாய் திறவாதிருக்கும் பொருட்டுக் கொடியவர்கள் அவருடைய சிறு மகளைக் கொன்று வீட்டு முற்றத்திலே எறிகின்றனர். தந்தையோ ஒன்றும் செய்வதில்லை. பாய்ட்டியர் அவ்வேடத்தை மறுத்தார். அப்பொழுது அவர் கையில் பணமில்லை. மனைவிக்குப் பேறுகாலம் நெருங்கியிருந்தது. மருத்துவமனைச் செலவுக்கு வீட்டுத் தட்டுமுட்டுப் பொருள்களை ஈடு காட்டி 75 டாலர் கடன் பெற்றார். ஆயினும், தம் தந்தை இவ்வாறு ஒருபோதும் இருந்திருக்கமாட்டார் என்பதே அவர் தமக்குள் கண்ட காரணம். அதே காலத்தில், அரசியல் காரணமாக ஒதுக்கப்பட்டிருந்த பால் ரோப்சன், கனடா லீ என்னும் இரு கறுப்பினக் கலைஞர்களை மறுதலித்து ஒப்பமிடுமாறு கேட்கப்பட்டபோதும் அவர் இசையவில்லை.

இது ஆணவமா? குழந்தை பிறக்கவிருக்கும் வேளையில் வருவாயை உதறுவது பொறுப்பின்மை அன்றோ என்று கேட்பாரும் உளர். இதற்கு விடை காணச் சம்யுத்த நிகாயத்திலே ஒரு நிகழ்ச்சி துணை செய்கிறது. தாலபுடன் என்னும் கூத்தர் தலைவன் பகவன் புத்தரை அணுகி, அரங்கிலே மக்களை மகிழ்விக்கும் நடிகர் இறந்தபின் நகைக்கும் தேவரோடு பிறப்பர் என்று எம் ஆசிரியர் கூறுகின்றனரே, அது மெய்தானா என வினவினான். பகவர் இருமுறை விடை தர மறுத்தார். மூன்றாம் முறை வற்புறுத்தியபின், காண்போரிடத்து ஏற்கனவே உள்ள ஆசையையும் பகையையும் மயக்கத்தையும் மேலும் கிளறிவிடும் கூத்தன் நற்கதி அடையான் என்று உரைத்தார். தாலபுடன் அழுதான். புத்தர் கூற்றுக்காக அன்று. இத்தனை காலம் முன்னோரால் ஏமாற்றப்பட்டோமே என்று அழுதான். பின்னர்ச் சங்கத்திலே சேர்ந்து அருகதரானான்.

இங்கே நடிப்பை அளக்கும் அளவுகோல், காண்போர் நெஞ்சிலே அது எதனை வளர்க்கிறது என்பதே. கறுப்பின மனிதன் தன் குழந்தை கொல்லப்பட்டாலும் அசையமாட்டான் என்பது அந்நாட்டு வெள்ளையரிற் பலர் நெஞ்சிலே ஏற்கனவே இருந்த மயக்கம். அவ்வேடம் அம்மயக்கத்துக்கு உரமிட்டிருக்கும். பிறர் மயக்கத்தை வளர்த்து உண்ணும் சோற்றை மறுத்தது நல்வாழ்க்கை நெறியே, ஆணவமன்று.

மேலும், பௌத்த நூல்கள் மானத்தை மூவகையாகப் பகுக்கின்றன. 'நான் மேலானவன்' என்று எண்ணுவது ஒன்று. 'நான் ஒத்தவன்' என்று எண்ணுவது ஒன்று. 'நான் தாழ்ந்தவன்' என்று எண்ணுவது மற்றொன்று. மூன்றாவதும் மானமே என்பதை நம்மிற் பலர் நோக்குவதில்லை. தன்னைத் தாழ்த்திக்கொள்வது பணிவு என்று உலகம் புகழ்கிறது. புத்தர் அதனையும் தளை என்றார். ஏனெனில் அங்கும் 'நான்' என்பதை நிறுத்தி அளக்கும் கோல் கையைவிட்டு அகலவில்லை. சாதி முறை என்பதோ இத்தளையால் ஒரு நாட்டையே கட்டிவைத்த ஏற்பாடு. மேலே நிற்பவனுக்கு முதல் மானம். கீழே நிற்பவனுக்கு மூன்றாம் மானம். ஆகவே, இழிவை ஏற்க மறுப்பவன் மானத்தை வளர்க்கிறான் அல்லன். தன் கழுத்திலே பிறர் மாட்டிய மானத் தளை ஒன்றைக் கழற்றுகிறான்.

'ஒத்தவன்' என்பதும் தளையாயின், சமத்துவம் கோருவது தவறா எனலாம். அன்று. சட்டத்திலும் நடைமுறையிலும் சமத்துவம் வேண்டுவது பிறர் நம்மை நடத்தும் முறை பற்றியது, அது நீதி. நாள் முழுதும் பிறரோடு நம்மை நிறுத்துப் பார்த்து வேகுவது நம் மனம் பற்றியது, அது தளை. 1960களிலே செய்தியாளர்கள் நிறத்தைப் பற்றியே மீண்டும் மீண்டும் வினவியபோது, மனிதனாய், கலைஞனாய், குடிமகனாய்ப் பல கூறுகள் உடைய தம்மை ஒரு கூற்றிலே அடைப்பது ஏன் என்று பாய்ட்டியர் கடிந்துகொண்டார். அந்தக் கோலையே கீழே வைக்கச் சொன்ன குரல் அது.

ஆனால், மறுத்தவரைப் போற்றும்போது ஏற்றவரை இகழ்தல் ஆகாது. 1940இல் ஹாட்டி மெக்டேனியல் என்னும் அம்மையார் வேலைக்காரி வேடத்துக்காக ஆஸ்கார் பரிசு பெற்றார். அப்பரிசை முதன்முதல் பெற்ற கறுப்பினத்தவர் அவரே. அவ்விழாவிலேயே அவரை மற்ற நடிகரோடு அமரவிடாமல் தனி மேசையில் இருத்தினர். அவர் காலத்தில் வேறு வேடம் தருவார் இலர். 1964இல் 'லிலீஸ் ஆப் தி பீல்டு' படத்துக்காகப் பாய்ட்டியர் சிறந்த நடிகர் பரிசு பெற்று, அவ்வரிசையில் முதல் கறுப்பினத்தவராக நின்றபோது, அவர் ஏறிய படியிலே முன்னோர் பலரின் முதுகும் இருந்தது. பாய்ட்டியரும் எல்லா வேளையிலும் மறுக்க இயன்றவர் அல்லர்; 'போர்கி அண்ட் பெஸ்' படத்தில் விருப்பமின்றியே நடித்தார்.

1967ஆம் ஆண்டு அவர் புகழின் உச்சி. 'டு சர் வித் லவ்', 'இன் தி ஹீட் ஆப் தி நைட்', 'கெஸ் ஹூஸ் கமிங் டு டின்னர்' என மூன்று படங்கள் அவ்வாண்டிலே வெளிவந்தன. இரண்டாம் படத்திலே தோட்ட முதலாளி ஒருவன் அவர் கன்னத்தில் அறைய, அவர் கணமும் தாழாமல் திருப்பி அறைகிறார். கறுப்பினத்தார் அரங்கிலே ஆரவாரித்தனர். அடிக்கு அடி அறமாகாது என்பது நம் கொள்கை. அவ்வடியை நாம் புகழவில்லை. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. கையை உயர்த்தினால் உயிர் போகும் என்னும் அச்சத்தால் வாளா இருப்பது பொறுமை எனப்படாது. கட்டப்பட்டவனுக்குப் பொறுமையை உபதேசிப்பது கட்டியவனுக்கே துணையாகும். கட்டு அவிழ்ந்தபின் கையை மடக்கிக்கொள்வதே கந்தி என்னும் பாரமிதை.

மூன்றாம் படத்திலே வெள்ளை இனப் பெண்ணை மணக்க வரும் கறுப்பின மணமகன் அவர். கலப்பு மணத்தைத் தடுத்த சட்டங்கள் 16 மாநிலங்களில் இருந்துவர, அவ்வாண்டு சூன் மாதத்திலேதான் உச்ச நீதிமன்றம் அவற்றைச் செல்லாதனவாக்கியது. படத்து மணமகனோ உலகப் புகழ் பெற்ற மருத்துவர்; குறை ஒன்றும் இல்லாதவர். கறுப்பின எழுத்தாளர் சிலர் அப்பொழுதே கேட்டனர்: சினமும் ஆசையும் பிழையும் இல்லாத உத்தமராக இருந்தால்தான் எங்களை மனிதராக ஏற்பீரோ? இவ்வினா நியாயமானது. தாழ்ந்தவன் என்னும் வேடத்தைக் கழற்றியவருக்கு உலகம் உடனே உத்தமன் என்னும் வேடத்தை மாட்டிவிடுகிறது. அதுவும் சுமையே. பாய்ட்டியர் திரையிலேதான் உத்தமர். முதல் இல்லறத்திலே தாம் வழுவியதைத் தம் நூலிலே தாமே எழுதியிருக்கிறார்.

இவ்விடத்தில் ஆனந்த தேரர் ஒரு பிக்குணிக்கு உரைத்த அறவுரை, அங்குத்தர நிகாயத்தில் உள்ளது, நமக்கு விளக்காகிறது. இன்னார் விடுதலை எய்தினார் என்று கேள்வியுற்ற ஒருவன், 'அவருக்கு இயன்றது எனக்கு ஏன் இயலாது?' என்று எண்ணி முயல்கிறான். அவ்வெண்ணம் மானமே. ஆனால், அதனைப் பற்றி ஏறியவன் பின்னர் அதனையும் விட்டுவிடுகிறான். மானத்தைச் சார்ந்து மானத்தை விடுவது என்பது தேரர் காட்டிய வழி. பாத்திரம் கழுவிய இளைஞனின் நெஞ்சிலே சுட்ட மானம் அவனை ஏற்றிவிட்டது. முதுமையிலே அவர் அதனோடு நின்றுவிடவில்லை. 1991இல் தொலைக்காட்சியிலே வழக்கறிஞர் தர்குட் மார்ஷலாகவும், 1997இல் நெல்சன் மண்டேலாவாகவும் நடித்துப் பிறர் போராட்டத்தை நினைவூட்டினார். 1997 முதல் 2007 வரை பஹாமாசின் தூதராக ஜப்பானுக்குப் பணியாற்றினார். 2022 சனவரி 6ஆம் நாள் மறைந்தார்.

அன்பர்களே, நம் ஐயத்துக்கு விடை இதுவே. மானம் ஓடம் போன்றது. வெள்ளத்தில் தத்தளிப்பவனிடம், ஓடமும் பற்றுத்தான், விட்டுவிடு என்பது கொடுமை. கரை சேர்ந்தபின் ஓடத்தைத் தலையிலே சுமந்து திரிவது பேதைமை. 'நாம் தாழ்ந்தோர்' என்னும் எண்ணம் நம் பிள்ளைகளில் ஒருவர் நெஞ்சிலேனும் எஞ்சியிருக்கும்வரை ஓடத்தை விடவேண்டா. ஆனால், கல்வியும் அலுவலும் எய்திய நம்மவர் சிலர், இன்னும் குப்பை அள்ளியும் சாக்கடை இறங்கியும் உயிர் வளர்க்கும் உடன்பிறந்தாரை மணவினைக்கும் பந்திக்கும் விலக்கி நிறுத்துவதைக் காண்கிறோம். அங்கே ஓடம் தலைமேல் ஏறிவிட்டது. பின்வாயிலுக்குப் போ என்று நம்மிடம் சொன்னவனின் குரல் நம் வாயிலிருந்து எழுமாயின், நாம் தளையைக் கழற்றவில்லை. இடம் மாற்றி மாட்டிக்கொண்டோம் என்பதே பொருள். பஞ்சசீலம் ஓதும்போதெல்லாம் இதனை நம்மை நாமே வினவிக்கொள்வோமாக.