முதுமையின் மீது ஏற்றப்படும் பழி

“வயதாகிவிட்டது, இனி என்ன செய்வது?” என்னும் கூற்று நமது சமுதாயத்தில் ஆறுதல் மொழியாக வழங்கி வருகின்றது. அவ்வாறுதலே சில வேளைகளில் தீர்ப்பாகவும் அமைந்துவிடுகின்றது. முதியவர் ஒருவரின் கால் நாடி திடீரென அடைபடும்போது, அவர் பெறவேண்டிய சிகிச்சையை அவரது வயது தீர்மானிக்கலாமா என்னும் வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் நோயின் இயல்பை அறிதல் வேண்டும். முதுமையில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்கிழந்து துடிக்கும்போது அங்கு குருதி தேங்கி உறைவதுண்டு. அவ்வுறைகட்டி பெயர்ந்து சென்று கால் நாடியை அடைக்கலாம். புகைத்தலாலும் நீரிழிவாலும் ஏற்கெனவே குறுகிய நாடியிலேயே குருதி உறைந்து அடைபடுவதும் உண்டு. அப்போது கால் கடுமையாக வலிக்கும், வெளிறிக் குளிரும், நாடித்துடிப்பு அற்றுப்போகும், பின்னர் உணர்வும் அசைவும் குன்றும். குருதியோட்டம் முற்றாக நின்று ஏறத்தாழ 6 மணித்தியாலம் கடந்தால் தசைகள் மீளாச் சேதமடையத் தொடங்கும்.

இதற்குப் பரிகாரம் இல்லாமல் இல்லை. உறைவு மேலும் வளராதவாறு ஹெப்பாரின் மருந்து உடன் செலுத்தப்படுகின்றது. நுனியில் சிறு பலூன் பொருத்திய மெல்லிய குழாயினால் உறைகட்டியை இழுத்தெடுக்கும் முறையை அமெரிக்கரான தோமஸ் ஃபோகாட்டி 1963இல் வெளியிட்டார். பலருக்கு, தொடையடியில் சிறு கீறலிட்டு, அவ்விடத்தை மாத்திரம் விறைக்கச் செய்து இதனை நிறைவேற்றலாம். எனவே, முழு மயக்கத்தைத் தாங்கமாட்டார் என்று கூறி முதியவரை ஒதுக்கிவிடுதல் எப்போதும் பொருந்தாது.

எனினும், மறுதரப்பு வாதத்தையும் நாம் புறக்கணித்தல் ஆகாது. இயல்பான ஆயுளை வாழ்ந்து முடித்தவர்களின் உயிரை நீட்டிப்பதைவிட அவர்களது துன்பத்தைத் தணிப்பதே மருத்துவத்தின் கடன் என அமெரிக்க அறவியலாளர் டானியல் கலகன் 1987இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். வளங்கள் அருகிய நாட்டில் இவ்வாதம் வலிமையுடையதாகத் தோன்றும். ஆனால் அடைபட்ட காலைத் திறத்தல் ஆயுளை நீட்டும் முயற்சி மாத்திரமா? தாங்கொணா வலியைத் தணிப்பதும், கிணற்றடிக்குத் தானே நடந்து செல்லும் உரிமையை மீட்டுத் தருவதும் அதுவே. கலகனின் அளவுகோலைக் கொண்டு அளந்தாலும் அச்சிகிச்சை நியாயமானதே.

நமது மரபில் இதற்குத் தெளிவான வழிகாட்டல் உண்டு. வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில், கற்றறிந்த மருத்துவன் கருதவேண்டியவையாக நோயுற்றவனது அளவு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் கூறுகின்றார். பரிமேலழகர் நோயுற்றவனது அளவினுள் பருவத்தையும் அடக்குகின்றார். வயது கருதத்தக்கதே; ஆனால் அது பலவற்றுள் ஒன்று. ஏனைய இரண்டையும் விழுங்கிவிட அதற்கு உரிமை இல்லை.

இம்மூன்றனுள் காலத்தை நாம் எவ்வாறு மறக்கின்றோம் என்பதை மலையகம் காட்டும். களனி கங்கையின் மேற்பள்ளத்தாக்கிலுள்ள பொல்பிட்டியவில் 1969 முதல் நீர்மின் நிலையம் இயங்கி வருகின்றது. அங்கு பிறக்கும் மின்சாரம் கணப்பொழுதில் தலைநகரை எட்டும். அயலிலுள்ள தோட்டமொன்றின் லயத்தில் நள்ளிரவில் கால் குளிர்ந்துபோன மூதாட்டியின் நிலை என்ன? முதலில் பனியின்மேல் பழி விழும். தைலம் தேய்க்கப்படும், உணர்விழந்த காலைப் பொசுக்கக்கூடிய வெந்நீர் ஒத்தடமும் கொடுக்கப்படும். விடிந்தபின் தோட்டத்து மருந்தகம், பின்னர் சிறிய வைத்தியசாலை, அதன்பின் நாவலப்பிட்டி என்று பயணம் தொடரும். குருதிக்கலன் சத்திரசிகிச்சை வல்லுநர்களோ பெரும்பாலும் கண்டி, கொழும்பு போன்ற நகரங்களிலேயே உள்ளனர். 2016இல் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிவடைந்த 1990 அம்புலன்ஸ் சேவை பெரும் பேறே. ஆயினும், அதனை அழைக்கும் எண்ணம் விடியும்வரை எழாவிடின் பயன் என்ன? இறுதியில் தசைகள் இறந்தபின், “வயதாகிவிட்டது” என்கின்றோம். உண்மையில் கடந்துபோனது நேரமே. தாமதத்தின் குற்றத்தை முதுமையின் தலையில் சுமத்திவிட்டு நாம் விடுதலை பெறுகின்றோம்.

இதனால், எந்நிலையிலும் கத்தியை எடுக்கவேண்டும் என்பது எமது கருத்தன்று. இறந்த காலில் குருதியோட்டத்தைத் திறந்தால், அங்கு தேங்கிய பொற்றாசியமும் அமிலமும் பாய்ந்து இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும். அந்நிலையில் காலை அகற்றி உயிரைக் காப்பதா, வலி தணித்து அமைதியாக வழியனுப்புவதா என்னும் கேள்வி எழும். அதற்கு விடை கூறவேண்டியவர் அறிவு தெளிந்திருக்கும் நோயாளியே. மகன் கையொப்பமிட்டால் போதும் என்று கருதாது, அவருக்கு விளங்கும் மொழியில் நிலைமையை எடுத்துரைத்து அவரது விருப்பத்தைக் கேட்டல் வேண்டும். கேட்கப்படாத முதியவர் சிகிச்சை பெற்றாலும் அவமதிக்கப்பட்டவரே.

ஆகவே, முதியவரின் கால் திடீரென வலித்துக் குளிர்ந்ததெனின், அவரது வயதை வினவுமுன் வலி தொடங்கிய நேரத்தை வினவுவோமாக. முன்னைய வினா எம்மை வாளாவிருக்கச் செய்யும். பின்னையது எழுந்து செயற்படச் செய்யும். அறத்தின் வழி பின்னையதே ஆகும்.