உங்க இஷ்டம் சார்

புது பீரோ வீட்டுக்கு வரும் நாளில் கடைசியாக ஒரு தடுமாற்றம் காத்திருக்கும். குட்டி யானையிலிருந்து இறக்கி, லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு ஏற்றி, அட்டையைப் பிரித்து, நான்கு காலும் தரையில் சமமாக நிற்கிறதா என்று ஆட்டிப் பார்த்துவிட்டு லோடுமேன்கள் வாசலில் நிற்பார்கள். "டீ செலவுக்குப் பார்த்துக் கொடுங்க சார்." "எவ்வளவுப்பா?" "உங்க இஷ்டம் சார்." பில்லிலோ 'டெலிவரி இலவசம்' என்று இருக்கும். அப்படியானால் இப்போது கைமாறும் பணம் என்ன? கூலியா, தானமா, அன்பளிப்பா?

கீதையின் 17ஆம் அத்தியாயம் தானத்தை மூன்றாகப் பிரிக்கிறது. பதிலுக்கு எதுவும் செய்யாதவருக்குக் கடமையென்று கொடுப்பது சாத்விகம். பலனை எதிர்பார்த்துக் கொடுப்பது ராஜசம். மரியாதையில்லாமல், இகழ்ந்து கொடுப்பது தாமசம். வள்ளுவரும் ஈகை அதிகாரத்தின் முதல் குறளிலேயே இல்லாதவருக்குக் கொடுப்பதை மட்டும்தான் ஈகைக் கணக்கில் சேர்க்கிறார். இந்த அளவுகோல்களின்படி பீரோ தூக்கியவருக்குக் கொடுப்பது தானமே ஆகாது. அவர் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டார். கடன்பட்டு நிற்பவர் வீட்டுக்காரர்தான்.

கூலி என்று வந்துவிட்டால் மத நூல்களின் தொனியே மாறிவிடுகிறது. கூலியாளின் கூலியை அன்றைக்குப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும், தவறினால் பாவம் என்கிறது பைபிளின் உபாகமம் 24ஆம் அதிகாரம். உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொல்லும் நபிமொழி இப்னு மாஜா தொகுப்பில் இருக்கிறது. இரண்டிலும் கொடுப்பவரின் பெருந்தன்மைக்கு இடமில்லை.

மாடிப்படி திரும்பும் இடத்தில் பீரோ வரும்போது கவனித்துப் பார்த்தால் இதன் நியாயம் புரியும். மேலே இருப்பவர் பின்னால் பார்த்துப் பார்த்து வழி சொல்கிறார். பாரத்தில் பெரும்பங்கு கீழே இருப்பவரின் தோளுக்கு இறங்குகிறது. சும்மாடாகச் சுருட்டிய துண்டு நழுவினாலும் சரிசெய்யக் கை ஒழியாது. சுவரில் கீறல் விழக்கூடாது என்பதற்காகத் தன் விரல்களைச் சுவருக்கும் இரும்புக்கும் நடுவில் கொடுத்து வைத்திருக்கிறார். இந்த உழைப்புக்கு விலை சொல்லும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை. இலவசம் என்று கடை முன்பே சொல்லிவிட்டது. வாய்விட்டுக் கேட்டால் பேராசைக்காரர், கேட்காவிட்டால் நஷ்டம். "உங்க இஷ்டம்" என்ற பணிவு இந்த நெருக்கடியில் பிறந்தது.

அமெரிக்க ரயில்களில் புல்மேன் கம்பெனியின் படுக்கைப் பெட்டிகளில் வேலை பார்த்த கறுப்பினப் பணியாளர்கள் இந்த நெருக்கடியை முழுமையாக அனுபவித்தவர்கள். சம்பளம் குறைவு, மீதியைப் பயணிகளின் டிப்ஸ்தான் ஈடுகட்டியது. காசுக்காகச் சிரித்தே ஆக வேண்டிய நிலை. 1925இல் ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் அமைத்தார்கள். டிப்ஸை நம்பி வாழத் தேவையில்லாத சம்பளம் வேண்டும் என்று போராடி, 1937இல் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்கள்.

உரிமை என்ற பெயரில் எதையும் கேட்கலாமா என்றால், அதுவும் கூடாது. வேலையே செய்யாமல் பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கேரளத்தில் வசூலித்த 'நோக்குகூலி'யை அம்மாநில அரசு 2018 மே 1 முதல் ஒழித்தது. சுமந்தவருக்குத்தான் கூலி.

அப்படியென்றால் மனமுவந்து கொடுக்கும் ஐம்பது, நூறுக்கு மதிப்பே இல்லையா? நிச்சயம் உண்டு. ஆனால் கூலி தீர்ந்த பிறகுதான் அது அன்பளிப்பு ஆகும். 1797இல் வெளியான தன் அறநூலில் ஜெர்மன் தத்துவஞானி இமானுவேல் கான்ட் இதை நுணுக்கமாகப் பார்க்கிறார். உதவி செய்பவர், வாங்கிக்கொண்டவரால் தனக்குத்தான் பெருமை என்று காட்டிக்கொள்ள வேண்டும் என்கிறார். பலருக்கு வசதி இல்லாமல் போனதே அநீதியால்தான் என்றால், பணக்காரர் செய்யும் உதவியை உதவி என்று சொல்லத் தகுமா என்றும் கேட்கிறார். சோபாவில் சாய்ந்தபடி, முகம் பாராமல் நோட்டை நீட்டுகிறவர்கள் இந்தக் கேள்வியோடு கொஞ்ச நேரம் இருந்து பார்க்க வேண்டும்.

கடையில் பில் போடும்போதே எத்தனையாவது மாடி என்று சொல்லி, மாடி ஏற்றும் கூலி தூக்குபவர் கைக்குப் போகிறதா என்று கேட்டுவிடலாம். போகவில்லை என்றால், வண்டி வந்ததும், கட்டை அவிழ்க்கும் முன்பே, "மாடிக்கு எவ்வளவுண்ணே?" என்று அவர்களிடமே கேட்டுப் பேசிக்கொள்ளலாம். அதற்கு மேல் கொடுக்க மனமிருந்தால், டிரைவரிடம் மொத்தமாகத் திணிக்காமல், தண்ணீர் குடித்து முடித்தவுடன் ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியாகக் கொடுக்கலாம்.