யார் சொன்னால் நம்புகிறோம்?

நம் தருமபுரி மாவட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20ஆம் தேதி, சந்தனமரக் கடத்தலைத் தேடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் அந்த மலையாளிப் பழங்குடி மக்களின் ஊருக்குள் நுழைந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள், மக்களை அடித்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மிஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. தங்கள் ஊரில் தங்களுக்கு நடந்ததைத்தான் அந்த மக்கள் சொன்னார்கள். அந்தச் சொல் நிலைபெற 31 ஆண்டுகள் பிடித்தன.

வழக்கு இழுத்தடிக்கப்பட்டதற்குச் சட்ட நடைமுறையில் பல காரணங்கள் இருக்கலாம். நான் யோசிக்கச் சொல்வது முதல் சில ஆண்டுகளைப் பற்றி. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அரசுத் தரப்பு மறுத்தது. விசாரணை சிபிஐ கைக்குப் போகவே 1995 ஆகிவிட்டது. இதில் நம்மை அறியாமலே நமக்குள் இருக்கும் தப்பெண்ணத்துக்கும் பங்கு உண்டு என்கிறேன். “அன்று அங்கே நடந்தது தெரிந்தே செய்த கொடுமை. அதில் நம்மை அறியாத தப்பெண்ணம் எங்கே வந்தது?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. செய்தவர்கள் தெரிந்தேதான் செய்தார்கள், அதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஊரைக் கண்ணால் பார்த்திராத, அந்த மக்கள்மீது பகை ஏதும் இல்லாத எத்தனையோ பேர், சீருடை போட்டவர் சொன்னதை உடனே ஏற்றுக்கொண்டு, மலைவாசிப் பெண் சொன்னதற்கு மட்டும் ஆதாரம் கேட்டார்களே, அது எங்கிருந்து வந்தது? வெறுப்பு இருந்தால்தான் தப்பெண்ணம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். வெறுப்பே இல்லாமலும் அது வேலை செய்யும். யாருடைய சொல்லுக்குச் சாட்சி வேண்டும், யாருடைய சொல்லுக்கு வேண்டாம் என்பதை நாம் யோசிக்கத் தொடங்கும் முன்பே அது முடிவு செய்துவிடுகிறது.

“அந்தப் பகுதியில் சந்தனமரக் கடத்தல் நடந்தது உண்மைதானே, சந்தேகம் வந்ததில் என்ன தவறு?” என்றும் கேட்பார்கள். கடத்தல் நடந்தது உண்மைதான். சந்தேகம் ஓர் ஆள்மீது வந்தால் அதை விசாரித்துத் தீர்க்கலாம். ஓர் ஊர்மீது, ஓர் இனத்தின்மீது வந்தால் என்ன விசாரித்தும் தீராது. கைக்குழந்தையும் கிழவியும்கூட அதற்குள் வந்துவிடுவார்கள். அனுபவம் தந்த எச்சரிக்கை என்று நாம் சொல்லிக்கொள்வதில் பெரும்பகுதி நம் அனுபவமே இல்லை, யாரோ சொல்லிக் கேட்டது.

“எனக்குச் சாதி வித்தியாசம் கிடையாது” என்பவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஆனால் ரேமா ஹன்னா, லீ லிண்டன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இந்திய நகரம் ஒன்றில் செய்து 2012இல் வெளியிட்ட ஆய்வைச் சற்றுப் பாருங்கள். பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்து, விடைத்தாளின் முகப்பில் வயது, பாலினம், சாதி ஆகியவற்றைக் குலுக்கல் முறையில் மாற்றி எழுதி, ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். தாழ்த்தப்பட்ட சாதி என்று எழுதியிருந்த தாள்களுக்குச் சற்றே குறைவான மதிப்பெண் விழுந்தது. வித்தியாசம் சிறியதுதான். ஆனால் அப்படிக் குறைத்தவர்கள் பெரும்பாலும் அதே ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்த ஆசிரியர்கள். இதை ஆணவம் என்றோ பகை என்றோ எப்படிச் சொல்வது? “இந்தப் பிள்ளை இவ்வளவுதான் எழுதும்” என்று சமூகம் பல தலைமுறையாகச் சொல்லிவந்தது, அடிபட்டவர் மனத்திலும் குடியேறிவிட்டது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். அதனால் நல்ல மனசு இருந்தால் போதும் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மனசு நல்லதாக இருக்கும்போதே கை மதிப்பெண்ணைக் குறைக்கிறது.

நம் கல்வித்துறைக்கு இது தெரியும் என்றே தோன்றுகிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில், பிள்ளையின் பெயர் இருக்கும் முகப்புத் தாளைப் பிரித்தெடுத்த பிறகுதான் விடைத்தாள் திருத்தப் போகிறது. ஆசிரியர்களை அவமதிக்கச் செய்த ஏற்பாடு என்று யாரும் அதைச் சொல்வதில்லை. அதே அக்கறை மற்ற இடங்களில் ஏன் இல்லை? ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கும் இடத்திலும், தாலுகா அலுவலகத்திலும், வங்கியிலும் முகத்தை மறைக்க முடியாது. வேட்டியின் அழுக்கு, பேச்சின் வாடை, வத்தல்மலையிலிருந்தோ சித்தேரியிலிருந்தோ இறங்கி வந்தவர் என்ற அடையாளம் எல்லாம் கண்ணில் பட்டுவிடும். அடுத்த நொடியில் ஒருவருக்கு “உட்காருங்க சார்”, இன்னொருவருக்கு “அங்க போய் நில்லு”. சொன்னவரைக் கேட்டால், அப்படிச் சொன்னதே நினைவில்லை என்பார். உண்மையிலேயே நினைவிருக்காது.

நினைவில் நிற்காததைக் காகிதத்தில் நிற்க வைக்கலாம். மனு கொடுத்தவர் யாராக இருந்தாலும் அன்றே ஒப்புகைச் சீட்டு, காவல் நிலையத்தில் புகார் சொன்னால் கேட்காமலே புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது, எல்லோரிடமும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை. கூட்டம் நெருக்கும்போது இதெல்லாம் நடக்காது என்று அலுவலர்கள் சொல்வார்கள். அவர்களுடைய சிரமம் எனக்குப் புரிகிறது. ஆனால் நெருக்கடியில்தான் மனம் குறுக்குவழி தேடும். ஆகவே நெருக்கடி நேரத்துக்குத்தான் இந்த முறை அதிகம் தேவை. இன்னும் ஒன்று செய்யலாம், அதற்குச் செலவும் இல்லை. அலுவலக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும், “நாளைக்கு வா” என்று யார் யாரைத் திருப்பி அனுப்பினோம் என ஒரு வாரம் குறித்து வைக்கட்டும். சனிக்கிழமை அந்தப் பட்டியலை எடுத்து, அந்தப் பெயர்கள் எந்த ஊர்க்காரர்களுடையவை, எந்தத் தெருக்காரர்களுடையவை என்று தாங்களே படித்துப் பார்க்கட்டும்.