சாப்பாடு சேரலை, டீ டீயாவே இல்லை, சாமான் சீப்பு

கோவையை அடுத்த துடியலூரிலிருந்து வெள்ளக்கிணறு பக்கம் திரும்பினாலும் கவுண்டம்பாளையம் பக்கம் போனாலும் ஒரு லேத் பட்டறையோ, பவுண்டரியோ, பம்புக்கு உதிரிபாகம் செய்யும் ஷெட்டோ கண்ணில் படும். பட்டறை முதலாளிகள் நாலு பேர் கூடினால், அதில் ஒருவர் சீனாவுக்குப் போய்வந்தவராக இருப்பார். குவாங்சோ நகரில் 1957 முதல் நடந்துவரும் கேன்டன் பொருட்காட்சி ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்கும். கோவையில் ஏறி, சிங்கப்பூரில் மாறி, அங்கே போய் இறங்குவார்கள். திரும்பி வந்தவரிடம், "எப்படீங்ணா இருந்துச்சு சீனா?" என்று கேட்டுப் பாருங்கள். அவ்வளவு பெரிய நாடு மூன்றே வாக்கியத்தில் முடிந்துவிடும். "சாப்பாடு சேரலைங்க. டீ டீயாவே இல்லைங்க. சாமான் மட்டும் சீப்புங்க."

நானும் குவாங்சோவுக்குப் போய்வந்தவன். இந்த மூன்றும் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இவை சீனாவைப் பற்றிய தகவல்களா, நம்மைப் பற்றிய தகவல்களா என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

முதலில் சாப்பாடு. நம் ஊரிலிருந்து கிளம்பும் கூட்டத்தின் பெட்டியைத் திறந்தால் துணியைவிட டப்பாக்கள்தான் அதிகம். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், உப்புமா மிக்ஸ், ஊறுகாய். முன்யோசனைக்காரர் பெட்டியில் ஒரு குட்டி ரைஸ் குக்கர். "அங்கெல்லாம் பாம்பும் தேளுந்தானாமா" என்று வழியனுப்ப வந்த அத்தை ஒருவர் சொல்லியிருப்பார். விடிந்ததும் ஓட்டல் அறையில் உப்புமா கிளறும் வாசம் வரும். அதே நேரத்தில் கீழே தெருமுனைக் கடையில் ஊர்க்காரர்கள் எதைக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்? அரிசிக் கஞ்சி. குழைய வெந்த வெள்ளைக் கஞ்சி, தொட்டுக்கொள்ள உப்பில் ஊறிய கீரைத்தண்டு, வறுத்த நிலக்கடலை, எண்ணெயில் பொரித்த நீளமான மாவுத்துண்டு. மீனும் பன்றிக்கறியும் போட்ட கஞ்சியும் உண்டு. வெறும் கஞ்சியும் உண்டு. சளி பிடித்தால் நம் வீட்டில் கொடுப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மாடிப்படி இறங்கிப் பார்க்காததால் அது பலருக்குக் கிடைப்பதில்லை.

சைவம் சாப்பிடுகிறவர்களின் சிரமம் உண்மையானது. கறித்துண்டை எடுத்துவிட்டால் சைவமாகிவிட்டது என்று பல கடைக்காரர்கள் நினைக்கிறார்கள். கீரையை வதக்கும்போது சிப்பிச் சாறு ஊற்றுவார்கள். சூப்பின் நீர் எலும்பை வேகவைத்து இறக்கியதாக இருக்கும். ஒருவர் கொள்கையாகக் கடைப்பிடிப்பதை 'நாக்குக் கொழுப்பு' என்று கேலி செய்வது தவறு. ஆனால் அதற்கும் அந்த ஊரிலேயே வழி இருக்கிறது. பௌத்தக் கோயில்களை ஒட்டிய சைவ உணவகங்களில் வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்க்க மாட்டார்கள். நம் ஊர் ஆசாரக்காரர்களுக்கு இணையான கட்டுப்பாடு அது. 'ஏழாம் அறிவு' பார்த்த எல்லோருக்கும் தெரிந்த போதிதர்மர், மரபு சொல்கிறபடி, காஞ்சியிலிருந்து கடல்வழியே போய்க் கரையிறங்கியது இதே குவாங்சோவில்தான். அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஹுவாலின் கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. நம்மவர்கள் அதைத் தாண்டித்தான் மொத்தக் கடைகளுக்குப் போகிறார்கள்.

'நம்ம காரம் இல்லைங்க' என்பது அடுத்த குறை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுகீசியர் கப்பலேறி நம் கரைக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டில். ஏறக்குறைய அதே காலத்தில் சீனாவுக்கும் போயிற்று. பள்ளிபாளையம் சிக்கனில் போடும் வரமிளகாயும் சிச்சுவான் சமையலின் மிளகாயும் ஒரே தாய்வீட்டுப் பிள்ளைகள். நாம் தினமும் உண்ணும் அரிசிச் சோறுகூடக் கொங்கு மேட்டுநிலத்தில் அவ்வளவு பழையதல்ல. கம்மஞ்சோறும் ராகிக் களியும் சோளச்சோறும்தான் பாட்டன்மார் உணவு. நெல்லுச்சோறு நோம்பிக்கும் விருந்துக்கும்தான்.

இன்னொரு வேடிக்கை. கோவையில் மாலையானால் தள்ளுவண்டியில் காளானும் கோபி மஞ்சூரியனும் மணக்கும். 'சைனீஸ்' என்று எழுதிய பலகைக்கு அடியில் நின்றுகொண்டு, வெங்காயம் தூவி, ஆவி பறக்கச் சாப்பிடுகிறோம். இந்த மஞ்சூரியனின் மூலவடிவத்தை 1975இல் பம்பாயில் சமைத்தவர் நெல்சன் வாங்; கல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிக்காரர். அதைக் குவாங்சோவில் தேடிக் கிடைக்காமல், "ஒரிஜினல் சைனீஸே அங்க இல்லைங்க" என்று சலித்துக்கொண்டவர்களை நான் அறிவேன்.

அடுத்தது டீ. குவாங்சோவின் ஃபாங்சுன் பகுதியில் தேயிலைக்கென்றே ஒரு பெரிய மொத்தச் சந்தை இருக்கிறது. கடைக்குள் நுழைந்தால் உட்காரச் சொல்கிறார்கள். கொதிநீரால் கிண்ணங்களைக் கழுவி, இலையின் மீது ஊற்றிய முதல் நீரைக் கொட்டிவிட்டு, இரண்டாவது நீரை ஒரு மிடறு கொள்ளும் கிண்ணத்தில் ஊற்றித் தருகிறார்கள். பால் இல்லை, சர்க்கரை இல்லை. அதே இலையில் மறுபடி மறுபடி நீர் ஊற்ற, ஒவ்வொரு முறையும் சுவை கொஞ்சம் மாறுகிறது. புவர் என்ற வகையை வட்டமாக அழுத்தி, 357 கிராம் வில்லைகளாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். நல்ல சரக்கென்றால் வயது ஏற ஏற அதன் விலையும் ஏறும். உணவகங்களில் யாராவது கிண்ணத்தில் டீ ஊற்றினால், பேச்சை நிறுத்தாமலே இரண்டு விரலால் மேசையைத் தட்டி நன்றி சொல்கிறார்கள். கெண்டியின் மூடியைச் சற்றுத் திறந்து வைத்தால் வெந்நீர் வேண்டும் என்று அர்த்தம், கூப்பிட வேண்டியதில்லை.

நம்மவருக்கு இது டீயாகத் தெரியாதது இயல்பு. கோவைக்காரனுக்கு டீ என்றால் பேக்கரி டீ. சாயம் இறங்கிய டிகாஷன், திக்கான பால், தூக்கலான சர்க்கரை, பக்கத்தில் ஒரு தேங்காய் பன். அந்தச் சுவையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மேட்டுப்பாளையம் ரோட்டில் நின்று குடிக்கும் அந்த டீ எனக்கும் வேண்டும். ஆனால் அது ஆதிகாலத்து வழக்கம் என்று நினைத்தால் தவறு. நீலகிரியில் சோதனையாகத் தேயிலை நட்டது 1830களில், கேத்தியில், சீனச் செடியைக் கொண்டு. இலையை நறுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. இயந்திரம் 1930களில் அசாமில் வந்த பிறகுதான் கடுஞ்சாயத் தூள் பெருகியது. அதே காலத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் ஏற்றுமதி சரிந்தது. தேயிலை வாரியத்தார் ஊர் ஊராகப் போய், டீ போட்டுக் கொடுத்து, எப்படிப் போடுவது என்று ரயில் நிலையங்களில் தமிழிலும் பலகை எழுதிப் பழக்கினார்கள். நம் தாத்தாக்களுக்கு டீ ஒரு புது விளம்பரச் சரக்கு. பேரப்பிள்ளைகளுக்கு அதுவே உலகத்தின் ஒரே டீ.

சீனர்களே நம் மலையில் வாழ்ந்த கதையும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து சென்னை மாகாணச் சிறைகளுக்குக் கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளை நடுவட்டம் சின்கோனா தோட்ட வேலைக்கு அனுப்பினார்கள். விடுதலையானவர்களில் சிலர் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையில் தங்கி, தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டு வாழ்ந்ததைச் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். துடியலூரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் எட்டும் மலை அது. 'அவங்க வேற, நாம வேற' என்று பேசுவதற்கு முன் அந்தக் குடும்பங்களை நினைத்துக்கொள்ளலாம்.

கடைசியாகச் சாமான். இங்கேதான் விஷயம் கனமாகிறது. சாப்பாடும் டீயும் ஊர் திரும்பினால் மறந்துபோகும். வாங்கிய பொருள் கூடவே வரும்.

மொத்தக் கடைகளில் பேச்சுக்கு வேலையே இல்லை. விற்கிறவர் கால்குலேட்டரில் ஒரு எண்ணைத் தட்டி நீட்டுவார். வாங்குகிறவர் அதை அழித்துவிட்டுத் தன் எண்ணைத் தட்டுவார். பொம்மை, விளக்கு, போன் உறை, பிள்ளையார் சிலை, மிக்ஸி மோட்டார் எல்லாவற்றுக்கும் இதே நாடகம்தான். நம் ஊர்ப் பட்டறைக்காரர் ஒருவர் சிறு மோட்டாருக்கு இப்படி அடித்துப் பேசிக்கொண்டிருந்தார். எதிரே இருந்த பெண் ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். ஒவ்வொரு முறையும் தாளில் ஏதோ குறித்தாள். மொழிபெயர்ப்பாளரிடம் என்னவென்று கேட்டேன். முதல் குறிப்பு, செம்புக் கம்பி இன்னும் மெல்லியது. இரண்டாவது, செம்புக்குப் பதில் அலுமினியம். மூன்றாவது, தகட்டின் கனம் குறைவு. "நீங்க எந்த விலைக்குக் கேக்கறீங்களோ அந்த விலைக்குச் செஞ்சு தருவாங்க சார்" என்றார் அவர். ஒளிவுமறைவு எதுவும் இல்லை. கேட்டிருந்தால் அந்தப் பெண்ணே சொல்லியிருப்பாள்.

அந்த மோட்டார் நாளை நம் ஊருக்கு வந்து ஆறு மாதத்தில் கருகும். 'சைனா சாமான்னாலே இப்படித்தான்' என்று சொல்லிவிடுவோம். ஆனால் அந்தத் தரத்தைத் தீர்மானித்தது நம் கால்குலேட்டர் விரல். அதே நாட்டுத் தொழிற்சாலைகளிலிருந்துதான் உலகின் விலையுயர்ந்த செல்பேசிகளும் வருகின்றன. அவர்கள் இரண்டையும் செய்கிறார்கள். எது வேண்டும் என்பதை வாங்குகிறவர் சொல்கிறார்.

இது கோவைக்குப் புரியாத கணக்கா? ஜாப் ஆர்டர் எடுக்கும் எந்தச் சிறு பட்டறையிலும் போய்க் கேளுங்கள். "பெரிய கம்பெனிக்காரங்க பீஸுக்கு அடிமாட்டு ரேட்டுப் பேசறாங்க, கரண்டு பில்லு ஏறுது, எப்படீங்க தரமாச் செய்யறது?" என்பார்கள். 2022இல் மின்கட்டணம் உயர்ந்த பிறகு இந்தக் குரல் இன்னும் பலத்தது. அதில் முழு நியாயம் இருக்கிறது. அந்த நியாயம் விமானம் ஏறியதும் எங்கே போகிறது? துடியலூரில் விற்பவனாக இருக்கும்போது தெரிகிற உண்மை, குவாங்சோவில் வாங்குபவனானதும் மறந்துபோகிறது.

நமக்குத் தெரிந்த பொருளென்றால் நாம் அப்படி நடப்பதில்லை. வெட் கிரைண்டர் இந்த ஊர்க் கண்டுபிடிப்பு. புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. கிரைண்டர் வாங்க வரும் கோவைப் பெண்மணி விலையைப் பிறகுதான் கேட்பார். கல் எந்த ஊர்க் கல், ஊத்துக்குளிக் கல்லா என்பார்; மோட்டார் எத்தனை ஹெச்.பி. என்பார், மாவு சூடேறுமா என்பார். அந்தக் கேள்விகள் தெரிந்தவரை யாரும் மட்டமான சரக்கால் ஏமாற்ற முடியாது. தெரியாத இடத்தில்தான் விலை ஒன்றே கேள்வியாகிவிடுகிறது.

அடுத்த பொருட்காட்சிக்கு இங்கிருந்து நிறையப் பேர் கிளம்புவார்கள். அவர்களிடம் கேட்டுக்கொள்ள மூன்றே விஷயம். காலையில் ஒருநாளாவது மாடியிலிருந்து இறங்கிப் போய்க் கஞ்சி குடியுங்கள். டீக்கடையில் பால் கேட்பதற்கு முன் மூன்று கிண்ணம் அவர்கள் தருகிறபடியே குடித்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், டீயே இல்லை என்று சொல்லாதீர்கள். கால்குலேட்டரை நீட்டினால், விலையைக் குறைப்பதற்கு முன் இதில் எதைக் குறைப்பீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தக் கேள்வியை நம் பட்டறைக்கு வருகிறவர்கள் நம்மிடம் கேட்க வேண்டும் என்று விரும்புகிறோம் அல்லவா, முதலில் நாம் கேட்டுப் பழகுவோம்.