நோய் தீர்க்க வாங்கிய கடன்

நம் மஹல்லாக்களில் ஜனாஸாத் தொழுகைக்கு முன்னர் மறைந்தவரின் மகனோ உடன்பிறந்தாரோ முன்வந்து நின்று, மையித்துக்கு யாருடனேனும் கொடுக்கல் வாங்கல் இருந்தால் தம்மிடம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்வது வழக்கம். கடன்பட்டு மரித்தவரின் ஜனாஸாவைத் தொழவைக்க நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தயங்கியதும், பிற்காலத்தில் செல்வம் வந்து சேரத் தொடங்கியபோது அத்தகையோர் கடனைத் தாமே ஏற்றுக்கொண்டதும் ஹதீது நூல்கள் கூறும் செய்திகள். இரண்டாவது செய்தியைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஏழையின் கடனை ஆட்சி ஏற்பது என்னும் கொள்கை அங்கே உள்ளது. ஆனால் அவர்கள் ஏற்றது வந்து சேர்ந்த செல்வத்திலிருந்து. வேறொருவர் பெயரில் கடன் வாங்கி அன்று. இன்று நம் அரசு ஏழையின் மருத்துவச் செலவை ஏற்கும்போது இந்த வேறுபாட்டை மறந்துவிடலாகாது.

தமிழ்நாட்டில் உயிர்காக்கும் உயர்சிகிச்சைக்கான காப்பீட்டுத் திட்டம் 2009 ஜூலையில் கலைஞர் பெயரால் தொடங்கிற்று. 2012 ஜனவரியில் ஆட்சி மாற்றத்திற்குப்பின் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாயிற்று. 2018இல் மத்திய அரசின் திட்டத்துடன் இணைந்தது. ஆட்சிகள் மாறியும் அட்டை நிலைத்தது. அதன் அருமை விழுப்புரம், திண்டிவனம் பகுதி மக்களுக்கு நன்கு தெரியும். முண்டியம்பாக்கத்தில் மருத்துவக் கல்லூரி 2010இல்தான் வந்தது. அதற்குமுன் பெருநோய் கண்டவரைப் புதுவை ஜிப்மருக்குக் கொண்டு செல்வர். அங்கே இடம் கிட்டாவிடில் தனியார் மருத்துவமனை. பின்னர் அடகுக் கடை. மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு இருபத்து நான்கு. அரசு விற்கும் கடன் பத்திரங்களுக்கு அண்மை ஆண்டுகளில் வட்டி ஏழு விழுக்காட்டு அளவில்தான் இருந்திருக்கிறது. ஆகவே கேள்வி, கடன் வேண்டுமா வேண்டாமா என்பதன்று. நோய் வந்தால் யாரோ ஒருவர் கடன்படத்தான் போகிறார். தாலியை அடகு வைக்கும் தாய் படுவதா, எட்டுக் கோடிப் பேர் சேர்ந்து படுவதா என்பதே கேள்வி. (காப்பீடு மார்க்கத்தில் கூடுமா என்று வினவும் அன்பர்கள் உளர். இத்திட்டத்தில் குடும்பம் சந்தா கட்டுவதில்லை, அரசே கட்டுகிறது. எனவே வணிகக் காப்பீட்டைப் பற்றி உலமாக்கள் எழுப்பும் ஐயங்கள் பெறுவோர்மீது அதே அளவில் சாரா என்பது நம் சிற்றறிவுக்கு எட்டியது.)

அரசுக் கடன் பெருகுவதற்கு இத்தகைய உதவிகளே காரணம் என்று பேசுவோரும் இருக்கின்றனர். அமெரிக்காவில் 2010இல் ஒபாமா ஆட்சி காப்பீட்டுச் சட்டம் கொண்டு வந்தபோதும் இக்கூக்குரல் எழுந்தது. கணக்கைப் பார்ப்போம். 2022இல் இத்திட்டம் புதுப்பிக்கப்பட்டபோது ஒரு குடும்பத்திற்கு ஆண்டுச் சந்தா 849 ரூபாய். குடும்பங்கள் ஏறத்தாழ 1 கோடியே 37 இலட்சம். பெருக்கினால் ஆயிரத்து நூற்றைம்பது கோடிக்குச் சற்று மேல். 2021 ஆகஸ்டில் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராசன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை காட்டிய மொத்தக் கடனோ 5 இலட்சத்து 70 ஆயிரம் கோடி. ஆண்டு வட்டி மட்டுமே முப்பதாயிரம் கோடிக்கு மேல். இந்த மலையை நோயாளிகள் தலையில் ஏற்றுவது அநீதி.

அதே அறிக்கை இன்னொன்றையும் சொல்லிற்று. 2020-21ஆம் ஆண்டில் அரசின் வருவாய்ப் பற்றாக்குறை 61,320 கோடி. அதாவது அன்றாடச் செலவுக்கே கடன். அது பெருந்தொற்று ஆண்டு என்று சமாதானம் கூறலாம். ஆனால் பற்றாக்குறை 2013-14 முதலே தொடர்ந்து வந்தது. டமாஸ்கஸில் நூருத்தீன் 1154இலும், கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இலும் நிறுவிய மாரிஸ்தான்கள் வக்ஃபுச் சொத்துகளின் வருவாயில் இயங்கியவை. முன்னோர் சொத்து வைத்துப் பின்னோர் நலம் பெற்றனர். நாம் நலம் பெற்றுக்கொண்டு பின்னோருக்குப் பத்திரத்தை வைக்கிறோம்.

திருமறையின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று கேட்டால், ஓதும் பிள்ளைகளில் பலர் தொழுகை என்பர், சிலர் நோன்பு என்பர். அது கடனை எழுதி வைப்பது பற்றியது. அல்பகறா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். பத்திரத்தின் வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன்படுபவரே என்பதும், அவர் சொல்ல இயலாத பலவீனராயின் அவருடைய வலீ நீதியுடன் சொல்ல வேண்டும் என்பதும் அதன் கருத்து. பலவீனர் என்பதில் சிறுவரையும் விரிவுரையாளர்கள் சேர்த்துள்ளனர். பத்தாண்டு, அதற்கும் மேற்பட்ட தவணையில் அரசு வாங்கும் கடனை இறுப்பவர் யார்? இன்று முண்டியம்பாக்கத்துத் தொட்டிலில் கிடக்கும் குழந்தையும்தான். அக்குழந்தைக்கு வாக்கில்லை, வாயுமில்லை. அதன் வலீ நாமே.

வலீ தன் பொறுப்பிலுள்ள சிறுவருக்காக மருத்துவமனை கட்டக் கடன் வாங்கினால் குற்றமில்லை. கட்டடமும் அவருக்கே சேரும். ஆண்டுதோறும் தீர்ந்துபோகும் சந்தாவை வரியிலிருந்தன்றோ கட்ட வேண்டும்? வரியை உயர்த்தினால் கடைவீதியில் முணுமுணுப்பு எழும்; எழட்டும். வரி போதாத ஆண்டில் ஏழையை வாசலில் கிடத்த முடியாது. நிர்ப்பந்தம் என்று கடன் வாங்கலாம், அதைக் கடன் என்று உரக்கச் சொல்லி. ‘இலவசம்’ என்ற சொல் அங்கே பொய்ச் சாட்சி ஆகிறது.

அநாதைச் சொத்தைப் பற்றி அந்நிஸா அத்தியாயம் விதிப்பதும் இங்கே பொருந்தும். வலீ ஏழையாயின் நியாயமான அளவு எடுத்து உண்ணலாம். செல்வந்தனாயின் விலகிக்கொள்ள வேண்டும். 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத ஆண்டு வருமானம் உடையோர்க்கே காப்பீட்டு அட்டை என்பது 2022இன் விதி. வளைகுடாவிலிருந்து மாதந்தோறும் பணம் வரும் வீடுகளிலும், கடைவீதியில் இரண்டு கடை வைத்திருப்போரிடத்திலும் அந்த அட்டை இருப்பதை ஜமாஅத்தார் அறியாதவர் அல்லர். அங்கே ‘எல்லாரும்தான் வாங்குகிறார்கள்’ என்ற விடை ஆயத்தமாக இருக்கும். வருமானச் சான்றுக்குத் தொகையைச் சொல்பவர் வீட்டுத் தலைவர், எழுதுபவர் அலுவலர். பத்திரம் பேரப்பிள்ளைகளின் பெயரில்.