வெற்றிடத்தைப் பூஜ்யம் என்று வாசிப்பது

வேங்கிக்காலில் நேற்று மழை பெய்யவில்லை என்பதும், பெய்ததா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை என்பதும் ஒன்றா? இதிலென்ன சந்தேகம், வேறு வேறுதான் என்பீர்கள். ஃபோர்ட்ரானுக்கு இரண்டும் ஒன்று.

1957-ல் ஐபிஎம்மில் ஜான் பேக்கஸின் குழு வெளியிட்ட மொழி அது. வானிலை மாதிரிகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தக் காலத்தில் தரவு துளை அட்டையில் வந்தது; எந்த எண் எந்த இடத்தில் என்பதுதான் எல்லாமே. அதனால் கோப்பை அரேக்குள் ஏற்றும்போது, 'ஐந்து இடம் எடு, அதில் தசமத்துக்குப் பின் ஒன்று' என்று ஃபார்மட் சொல்லிவிடுவோம். ஒரு மாத மழை வரிசையாக 31 அறைகளில் போய் உட்காரும். அந்த ஐந்து இடமும் காலியாக இருந்தால்? நிரல் நிற்காது, கேட்காது. பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடும். மொழியின் தரநிலையே அப்படித்தான் சொல்கிறது, இன்றுவரை. ஃபார்மட் இல்லாமல், காற்புள்ளி வைத்த கோப்பைப் படித்தால் வேறு கூத்து. இரண்டு காற்புள்ளிக்கு நடுவே ஒன்றும் இல்லையென்றால், அறையில் ஏற்கெனவே இருந்த எண் அப்படியே இருக்கும். போன மாத மழை இந்த மாதமும் பெய்துவிடும்!

சரி, பொய் சொன்னது யார்? காலை 8.30-க்கு மழைமானியைப் பார்க்க முடியாமல் போனவர் கட்டத்தைக் காலியாக விட்டார். அது நேர்மை. நிரல் எழுதியவரும் விதிப்படிதான் எழுதினார். ஆனாலும் 'மழை இல்லை' என்று ஒரு சாட்சியம் பிறந்துவிட்டது, சொன்னவர் யாருமில்லாமல்.

"ஒண்ணு ரெண்டு நாள்தானே, சராசரியில கரைஞ்சுடும்" என்பார்கள். கரையாது. காலியிடங்கள் எல்லா நாளிலும் சமமாக விழுவதில்லை. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலைச்சரிவு இடிந்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் இறந்தார்கள். அப்படியொரு நாளில்தான் மழைமானி வரைக்கும் யாராலும் போக முடியாமல் ஆகும். அதாவது, பூஜ்யம் வந்து உட்கார அதிக வாய்ப்புள்ள நாள் மழை கொட்டிய நாளே.

ஒரு நண்பர் வேறு மாதிரி மடக்கினார். வறட்சியை முடிவு செய்யும்போது முதலில் பார்ப்பது மழைக் குறைவைத்தானே, பொய்ப் பூஜ்யம் விவசாயிக்கு நிவாரணம் வாங்கித் தந்தால் நல்லதுதானே என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை. ஆனால் எண் ஒருவர் கையோடு நின்றுவிடுவதில்லை. ஏரிக் கலிங்கு எவ்வளவு அகலம் வேண்டும் என்று கணக்குப் போடுகிறவர் கைக்கும் அதே பூஜ்யம்தான் போகும்.

அதனால்தான் எனக்கு -999 மேல் ஒரு மரியாதை. இந்திய வானிலைத் துறையின் கால் பாகை மழைத் தரவு, நாளுக்கு 135-க்கு 129 அரே. (அது பைனரி கோப்பு, அதில் ஃபார்மட் வேலை கிடையாது.) மதிப்பு இல்லாத புள்ளிகளில், கடல் உட்பட, -999 இருக்கும். இங்கே ஆண்டு மழை சுமார் ஆயிரம் மில்லிமீட்டர். ஒரே ஒரு -999 தெரியாமல் கூட்டலில் நுழைந்தால் வருஷமே காணாமல் போகும். யாரும் நம்பமாட்டார்கள், உடனே தேடுவார்கள். பூஜ்யத்தை யாரும் தேடுவதில்லை. அது மழை பெய்யாத நாள் மாதிரியே இருக்கிறது.

ஃபோர்ட்ரானிலும் வழி உண்டு. ஐந்து இடத்தையும் முதலில் எழுத்தாக வாங்கி, காலியா என்று பார்த்து, பிறகு எண்ணாக்க வேண்டும். நாலைந்து வரி கூடும், அவ்வளவுதான்.

அந்த அரேயில் வேங்கிக்கால் விழுவது 51, 24 என்ற அறையில். ஆனால் அந்த எண்ணும் இங்கே நேரடியாக அளந்தது அல்ல, சுற்றுவட்ட மழைமானிகளிலிருந்து கணித்தது. எத்தனை மானிகள், எவ்வளவு தூரத்தில் என்பதற்கு அந்த அறையில் இடமில்லை.